கையெழுத்துப் போட்டுவிட்டார்கள், அப்புறம்?

சர்வதேசச் சட்டம் படிக்க வருகிறவர்கள் மனதில் பெரும்பாலும் இருப்பது சர்வதேச நீதிமன்றம் இயங்கும் ஹேக் நகரத்து அமைதி மாளிகையும், 15 நீதிபதிகள் முன் எழுந்து நின்று வாதாடும் காட்சியும்தான். அந்த வாய்ப்பு மிகச் சிலருக்கே வாய்க்கும். அன்றாட வேலை வேறு. இந்த நாடு இந்த ஒப்பந்தத்துக்குக் கட்டுப்பட்டதா, எந்தத் தேதியிலிருந்து, எந்தப் பிரிவு நீங்கலாக என்று பார்த்துச் சொல்வதிலேயே பொழுது போய்விடும்.

புதியவர்கள் முதலில் சறுக்குவது கையெழுத்து விஷயத்தில். ஒப்பந்தச் சட்டம் பற்றிய 1969 வியன்னா உடன்படிக்கையில் அமெரிக்கா 1970-லேயே கையெழுத்திட்டது, ஏற்புறுதி, அதாவது கட்டுப்படுகிறோம் என்ற முறைப்படியான இறுதி ஒப்புதல், செய்யவில்லை. அதனால் உறுப்பு நாடு அல்ல. ஆனால் அதன் விதிகளில் பலவற்றை வழக்காற்றுச் சட்டமாக, அதாவது எழுதிய ஒப்பந்தம் இல்லாமல் நாடுகளின் நடைமுறையால் உருவான சட்டமாக, அந்த நாடே ஏற்கிறது. ‘கட்டுப்படாது’ என்று ஒரே வரியில் எழுதிக் கொடுத்தால் அதுவும் தப்பு.

ஐ.நா. ஒப்பந்தத் தொகுப்பின் இணையதளத்தில் நாடுகளின் பட்டியலோடு நின்றுவிடக் கூடாது. ‘இந்தப் பிரிவு எங்களுக்குப் பொருந்தாது’ என்று நாடுகள் போட்ட ரிசர்வேஷன்களும், மற்ற நாடுகளின் ஆட்சேபங்களும், அடிக்குறிப்புகளும் கீழேதான் இருக்கும். அவை எவ்வளவு முக்கியம் என்பதற்கு ருவாண்டா மீது காங்கோ ஜனநாயகக் குடியரசு தொடுத்த வழக்கைப் பார்க்கலாம். இனப்படுகொலை உடன்படிக்கையின் 9-வது பிரிவு, தகராறைச் சர்வதேச நீதிமன்றத்துக்குக் கொண்டுபோக வழிசெய்கிறது. அதற்கு ருவாண்டா ரிசர்வேஷன் போட்டிருந்தது. 1995-ல் அந்த நாடு பிறப்பித்த உள்நாட்டு ஆணை ஒன்றைக் காட்டி, ரிசர்வேஷன் விலக்கப்பட்டுவிட்டது என்றது காங்கோ. ஆனால் ஐ.நா. பொதுச் செயலாளருக்கு அறிவிப்பு எதுவும் போகவில்லை. உள்நாட்டு ஆணை மட்டும் போதாது, தனக்கு அதிகார வரம்பு இல்லை என்று 2006-ல் நீதிமன்றம் முடித்துவிட்டது. காங்கோவின் குற்றச்சாட்டுகளுக்குள் அது போகவே இல்லை.

வழக்காற்றுச் சட்டத்தை நிறுவுவது இதைவிடச் சிரமம். நாடுகள் அப்படி நடந்துகொள்கின்றன என்றால் போதாது, சட்டக் கடமை என்று கருதியே நடக்கின்றன என்றும் காட்ட வேண்டும். கடலடிப் பரப்பின் எல்லை பற்றி ஜெர்மனியோடு நடந்த 1969 வடகடல் வழக்கில் டென்மார்க்கும் நெதர்லாந்தும் தடுக்கி விழுந்தது இங்கேதான். ஐ.நா. பொதுச்சபைத் தீர்மானங்களை மட்டும் அடுக்கிவைத்து வழக்காறு என்பது இன்னும் பல அறிக்கைகளில் நடக்கிறது.

வேலை என்று பார்த்தால் வெளியுறவு அமைச்சகங்களின் சட்டப் பிரிவு, அந்நிய முதலீட்டாளருக்கும் அரசுக்கும் இடையிலான நடுவர் வழக்குகளை நடத்தும் சட்ட நிறுவனங்கள், தொண்டு அமைப்புகள் ஆகியவற்றில் இடம் உண்டு. ஐ.நா.வின் இளம் வல்லுநர் தேர்வுக்கு வயது வரம்பு 32. உங்கள் நாடு அந்த ஆண்டுப் பட்டியலில் இல்லையென்றால் விண்ணப்பிக்கவே முடியாது. சர்வதேச நீதிமன்றத்தின் ஃபெலோஷிப்புக்குப் பல்கலைக்கழகம்தான் பெயரை அனுப்ப வேண்டும். அங்கே அலுவல் மொழிகள் ஆங்கிலமும் பிரெஞ்சும், ஆகவே பிரெஞ்சு படிக்கத் தெரிந்தவருக்குக் கூடுதல் மதிப்பு. மாணவர்களுக்கு ‘ஜெஸ்ஸப்’ என்ற சர்வதேசச் சட்ட மாதிரி நீதிமன்றப் போட்டியைவிட நல்ல பயிற்சி குறைவு. ஒரே அணி வாதி, பிரதிவாதி இரு தரப்புக்கும் மனு எழுத வேண்டும். ஒன்றில் தூக்கிப் பிடித்த ஆதாரத்தை மற்றதில் உடைக்க வேண்டியிருக்கும்.