217 ரூபாய் 60 காசு

மொழிபெயர்ப்பில் கூலி வார்த்தைக் கணக்கு. நான் அந்த வேலையில் சேர்ந்த காலத்தில் மூல வார்த்தைக்கு 80 காசு. போட்டித் தேர்வு எழுதுகிறவர்களுக்காக உலக வரலாற்று ஆவணங்களைத் தமிழில் தொகுத்துக்கொண்டிருந்தோம். ஒருநாள் ஆபிரகாம் லிங்கனின் கெட்டிஸ்பர்க் உரை என் மேஜைக்கு வந்தது. எண்ணிப் பார்த்தேன், 272 வார்த்தை. 217 ரூபாய் 60 காசு. மதியச் சாப்பாட்டுக்குள் முடித்துவிட்டு அடுத்த ஃபைலை எடுக்கலாம் என்று உட்கார்ந்தேன். ஒன்பது நாள் ஆனது.

அமெரிக்காவின் வட, தென் மாகாணங்கள் மோதிக்கொண்ட உள்நாட்டுப் போரில் கெட்டிஸ்பர்க் என்ற ஊரில் இறந்த வீரர்களுக்கான கல்லறைத் தோட்டத்தை அர்ப்பணிக்கும் விழாவில் பேசியது அது. 1863 நவம்பர் 19 அன்று அதே மேடையில் லிங்கனுக்கு முன்னால் பேசியவர் எட்வர்ட் எவரெட். பேர்போன பேச்சாளர். இரண்டு மணி நேரம், சுமார் 13,000 வார்த்தை. விழாவின் முக்கியப் பேச்சே அவருடையதுதான். பொருத்தமாகச் சில வார்த்தை சொன்னால் போதும் என்றுதான் லிங்கனை அழைத்திருந்தார்கள். எவரெட்டின் பேச்சு எனக்கு வந்திருந்தால் பத்தாயிரத்துக்கு மேல் தேறியிருக்கும், வாடகைக்கு ஆயிற்று. ஆனால் அதை இன்று யார் மொழிபெயர்க்கச் சொல்கிறார்கள்? எவரெட்டுக்கே அது மறுநாள் புரிந்துவிட்டது. தான் இரண்டு மணி நேரத்தில் தொட முயன்ற விஷயத்தை நீங்கள் இரண்டே நிமிடத்தில் தொட்டுவிட்டீர்கள் என்ற பொருளில் லிங்கனுக்குக் கடிதம் எழுதினார்.

எனக்கு முதல் வரியிலேயே வண்டி நின்றுவிட்டது. 'ஃபோர் ஸ்கோர் அண்ட் செவன் இயர்ஸ் அகோ.' ஸ்கோர் என்றால் இருபது. நான்கு இருபதும் ஏழும். அதில் பைபிள் வாசனை உண்டு. மனிதனின் ஆயுளைச் சொல்லும் 90-ஆம் சங்கீதம் பழைய ஆங்கிலத்தில் இதே இருபதுக் கணக்கில்தான் போகும். உதவுமே என்று தமிழ் வேதாகமத்தைப் புரட்டினேன். அங்கே எழுபது வருஷம், எண்பது வருஷம் என்று நேராகவே இருக்கிறது. 'நாலிருபதும் ஏழும்' என்று எழுதிப் பார்த்தால் வாய்ப்பாடு ஒப்பிக்கிற மாதிரி இருந்தது. சரி, போகட்டும் என்று 'எண்பத்தேழு ஆண்டுகளுக்கு முன்' என்று போட்டேன். கீழே ஓர் அடிக்குறிப்பும் என் சொந்தச் சரக்காகச் சேர்த்தேன்: 'அமெரிக்க அரசியலமைப்பு உருவான காலம்.'

எங்களிடம் மெய்ப்புப் பார்த்தவர் ஓய்வுபெற்ற கணக்கு ஆசிரியர். ஆபீஸே அவரை வாத்தியார் என்றுதான் கூப்பிடும். இரண்டாம் நாள் தாளைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வந்தார்.

"தம்பி, கழிச்சுப் பாத்தீங்களா?"

ஓரத்தில் பென்சிலால் போட்டிருந்தார். 1863-இல் 87 போனால் 1776. அரசியலமைப்பு எழுதப்பட்டது 1787-இல். பதினோரு வருஷம் உதைத்தது.

பிழை என்னுடையது. ஆனால் அந்தப் பிழையில் மாட்டியிராவிட்டால் இந்த உரை எனக்குக் கடைசிவரை பிடிபட்டிருக்காது. மனிதர் எல்லாரும் சமம் என்ற 'ப்ரொபொசிஷ'னுக்கு அர்ப்பணிக்கப்பட்ட நாடு என்றுதான் லிங்கனின் முதல் வாக்கியம் முடிகிறது. சமம் என்ற அந்த வரி 1776-இன் சுதந்திரப் பிரகடனத்தில் இருக்கிறது. 1787-இன் அரசியலமைப்பில் இல்லை. அங்கே இருந்தது வேறு கணக்கு: பிரதிநிதிகள் சபைக்கு இடம் ஒதுக்கத் தலை எண்ணும்போது அடிமைகளில் ஐந்தில் மூன்று பங்கு. தப்பி ஓடியவர்களைப் பிடித்து ஒப்படைக்கவும் அதில் வழி செய்திருந்தார்கள். அடிமை என்ற சொல்லை மட்டும் சாமர்த்தியமாகத் தவிர்த்திருந்தார்கள். லிங்கன் சண்டை எதுவும் போடாமல், நாட்டின் பிறந்த தேதியை 1787-இலிருந்து பதினோரு வருஷம் பின்னோக்கி, 1776-க்குக் கொண்டுபோய் வைத்தார். சட்டத்தில் பிறந்த நாடல்ல, அந்த ஒரு வரியில் பிறந்த நாடு என்று. சிகாகோ டைம்ஸ் பத்திரிகை இதைக் கவனித்துவிட்டது. அரசியலமைப்பை எடுத்துக்காட்டி, நாட்டை நிறுவியவர்கள் சொல்லாததை ஜனாதிபதி அவர்கள் தலையில் கட்டுகிறார் என்று கொதித்தது. அதன் நோக்கம் மோசம்தான். ஆனால் லிங்கன் செய்த காரியத்தை அது சரியாகவே படித்திருந்தது.

அடுத்த தகராறு அந்த 'ப்ரொபொசிஷன்.' பிரகடனத்தை எழுதிய ஜெஃபர்சன், சமத்துவத்தை விளக்கமே தேவையில்லாத உண்மை என்றார் (எழுதும்போது அவருக்கே அடிமைகள் இருந்தார்கள்). லிங்கன் உண்மை என்ற சொல்லைத் தொடவில்லை. ப்ரொபொசிஷன் என்றார். நான் 'கோட்பாடு' என்று போட்டிருந்தேன். வாத்தியார் அதையும் வட்டமிட்டிருந்தார். லிங்கன் முறையாகப் பள்ளிக்கூடம் போனது மிகக் குறைவு. பெரியவரான பிறகு யூக்ளிடின் வடிவியலில் ஆறு புத்தகங்களைத் தானே படித்ததாக 1860-இல் தன்னைப் பற்றிய குறிப்பில் எழுதியிருக்கிறார். வாத்தியாருக்கு இதைச் சொன்னதும் முகம் மலர்ந்துவிட்டது.

"அப்போ சந்தேகமே வேண்டாம். 'நிறுவுக'ன்னு கேள்வித்தாள்ல போடுவோமே, அதுதான் இது. சொல்லியாச்சு, இனிமேதான் நிரூபிக்கணும்."

அடுத்த வரியைப் பார்த்தால் அப்படித்தான் இருக்கிறது. இப்படி ஒரு நாடு நிலைக்குமா என்று சோதிக்கும் போரில் நாம் இருக்கிறோம் என்கிறார்.

சரி, தமிழில் என்ன போடுவது? 'தேற்றம்' பாடப்புத்தகமாக இருந்தது. 'முன்மொழிவு' என்றால் வழிமொழிய ஓர் ஆள் வேண்டும். கடைசியில் 'கூற்று' என்று நின்றேன். போர்க்களத்துப் பேச்சில் கூற்று என்றால் எமனாகிவிடாதா என்று தொகுப்பாசிரியர் கேட்டார். நியாயமான கேள்விதான். ஆனால் எங்கள் வாசகர்கள் 'கூற்று சரி, காரணம் தவறு' என்று வருஷக்கணக்காக விடை குறித்தவர்கள். கூற்று என்பது சோதிக்கப்பட வேண்டியது என்று அவர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். அதே தொகுப்பாசிரியர் 'அர்ப்பணி' ஆறு முறை வருகிறது, நான்கை மாற்றுங்கள் என்றும் சொன்னார். மூலத்திலேயே ஆறு முறை என்று எண்ணிக் காட்டிய பிறகுதான் விட்டார்.

இடையில் அந்த இடத்தைப் பற்றியும் படித்தேன். ஜூலை 1 முதல் 3 வரை சண்டை. இறந்தவர், காயம்பட்டவர், காணாமல் போனவர் எல்லாம் சேர்த்து இரு தரப்பிலும் சுமார் 50,000 பேர். ஊரின் ஜனத்தொகை ஏறக்குறைய 2,400. அவசரத்தில் மேலாகப் புதைத்த வட தரப்பு வீரர்களின் உடல்களைத் தோண்டியெடுத்துப் புதிய கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்ய ஒப்பந்தம் விட்டார்கள். உடல் ஒன்றுக்கு 1 டாலர் 59 சென்ட். வார்த்தைக்கு 80 காசு வாங்குகிறவனுக்கு அந்த வரியைச் சும்மா தாண்டிப் போக முடியவில்லை. தோண்டும் வேலையை உள்ஒப்பந்தமாக எடுத்துச் செய்தவர் பேசில் பிக்ஸ் என்ற கறுப்பின விவசாயி. அவருடைய ஆட்களும் கறுப்பினத்தவர்கள். அக்டோபர் கடைசியில் தொடங்கிய வேலை மார்ச் வரை நடந்தது. லிங்கன் அங்கே நின்று 'இன்னும் முடிவடையாத பணி' என்று சொன்ன நாளில் அந்தப் பணியும் முடிந்திருக்கவில்லை. கல்லறைகளை அரைவட்டமாக, அதிகாரி, சிப்பாய் என்று பிரிக்காமல் அமைத்தார்கள்.

இவ்வளவு இருந்தும், உரையில் அடிமை முறை என்ற சொல் ஓர் இடத்தில்கூட இல்லை. இரண்டு முறை தேடிப் பார்த்தேன். அந்த வருஷம் ஜனவரி 1-ஆம் தேதிதான் கிளர்ச்சி மாகாணங்களின் அடிமைகளை விடுவித்து ஆணை போட்டவர் அவர். 'சுதந்திரத்தின் புதிய பிறப்பு' என்பதோடு நிறுத்திக்கொண்டார். எனக்கு இது இன்றும் நெருடல்தான். அடிமை முறை ஒழிந்தது என்று சட்டத்தில் எழுத அரசியலமைப்பின் 13-ஆம் திருத்தம் வர வேண்டியிருந்தது, 1865-இல். எல்லாருக்கும் சட்டத்தின் சமமான பாதுகாப்பு என்ற வாசகம் 1868-இல்தான் அரசியலமைப்புக்குள் ஏறியது.

புத்தகம் அச்சுக்குப் போனது. 218 ரூபாயாகவே கொடுத்தார்கள்.

நான்கைந்து மாதம் கழித்து இரண்டாம் தொகுதிக்கு மார்ட்டின் லூதர் கிங்கின் உரை வந்தது. 1963 ஆகஸ்ட் 28, வாஷிங்டனில் லிங்கன் நினைவகத்தின் படிகளில் பேசியது. உள்ளே சுவரில் கெட்டிஸ்பர்க் உரை செதுக்கியிருக்கும். கிங்கின் தொடக்கத்திலேயே வருகிறது, 'ஃபைவ் ஸ்கோர் இயர்ஸ் அகோ.' விடுதலை ஆணையிலிருந்து நூறு வருஷம், ஆனால் லிங்கனின் அதே இருபதுக் கணக்கில்.

தாளை எடுத்துக்கொண்டு வாத்தியாரிடம் போனேன். படித்துவிட்டு, அலமாரியிலிருந்து முதல் தொகுதியை எடுத்து அந்தப் பக்கத்தைத் திறந்தார். 'எண்பத்தேழு ஆண்டுகளுக்கு முன்.' கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"அடுத்த பதிப்பு எப்போ?"

தெரியவில்லை என்றேன். கிங்குக்கு 'நூறு ஆண்டுகளுக்கு முன்' என்று போட்டு அனுப்பினேன்.