சட்டைப்பையில் அடங்கும் கேமரா

ஒளிப்படக்கலையில் தீவிர ஆர்வமுள்ளவர் சிறிய கேமரா வாங்கும்போது, மெகாபிக்சலைவிட சென்சாரின் (ஒளியைப் படமாக மாற்றும் சில்லின்) பரப்பளவையே முதலில் பார்க்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். 2019-இல் வெளிவந்த சோனி ஆர்எக்ஸ்100 ஏழாம் பதிப்பின் ‘1 அங்குலம்’ என்று பெயரளவில் அழைக்கப்படும் சென்சார் 13.2 × 8.8 மி.மீ. அளவே கொண்டது, அதே ஆண்டில் வந்த ரிக்கோ ஜிஆர் 3-இன் ஏபிஎஸ்-சி எனப்படும் பெரிய வகை சென்சாரோ பரப்பில் அதைப்போல் ஏறத்தாழ மூன்று மடங்கு என்பதால், பொழுது சாய்ந்தபின் தெருவில் எடுக்கும் படங்களில் மணல் தூவியதுபோல் தெரியும் புள்ளிகள் குறைந்து நிழல்களும் தெளிவாக அமைகின்றன.

ஆனால் ரிக்கோவில் ஜூம் கிடையாது, 28 மி.மீ. லென்ஸுக்குரிய அகன்ற கோணம் ஒன்றே. தொலைவில் இருப்பவற்றையும் எடுக்க விரும்புவோருக்கு 24 முதல் 200 மி.மீ. வரை நீளும் சோனியே பொருந்தும். அதில் கண்ணை வைத்துப் பார்க்கும் வியூஃபைண்டரும் உண்டு (நண்பகல் வெயிலில் திரையை மட்டும் நம்பிப் படமெடுத்தவர்களுக்கு அதன் அருமை தெரியும்). நான் எடுப்பவை பெரும்பாலும் தெருக்காட்சிகள் என்பதால், 257 கிராம் எடையுள்ள ரிக்கோவையே தேர்ந்தெடுத்தேன்.