“துளை போட்டுத்தானே எடுத்தாங்க?”

வலது நுரையீரலின் கீழ் மடலை முழுசாக எடுத்துவிட்டு வீட்டுக்கு வந்து பத்து நாள் இருக்கும். பக்கத்து வீட்டு அக்கா எட்டிப் பார்த்துவிட்டு, “துளை போட்டுத்தானே எடுத்தாங்க டீச்சர், இன்னும் ஏன் படுத்தே கிடக்கீங்க?” என்றார். அவர்மேல் எனக்குக் கோபமில்லை. ஆபரேஷனுக்கு முந்தின நாள் வரை நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

திண்டுக்கல் பக்கம் ஒரு பள்ளியில் கணக்கு எடுக்கிறேன். வயது 41. இரண்டு வருடமாக விட்டு விட்டு இருமல், சில நாள் சளியில் ரத்தக் கீற்று. முதலில் போன இடத்தில் எக்ஸ்ரேயில் வலது பக்க அடியில் வெள்ளைத் திட்டு தெரிந்தது. சளியில் டிபி கிருமி இல்லை. இருந்தாலும் ஆறு மாதம் டிபி மாத்திரை கொடுத்தார்கள். சிறுநீர் ஆரஞ்சு நிறத்தில் போனதுதான் மிச்சம். அப்புறம் ஆஸ்துமா என்று இன்ஹேலர். கடைசியில் மதுரையில் ஒரு டாக்டர் முதுகில் ஸ்டெத்தை வைத்து ரொம்ப நேரம் கேட்டார். “ஆஸ்துமான்னா ரெண்டு பக்கமும் விசில் கேட்கணும்மா. உங்களுக்கு ஒரே பக்கம்தான் கேட்குது” என்றார். இரண்டு வருடத்தில் முதுகில் இவ்வளவு நேரம் ஸ்டெத் வைத்தவர் அவர் ஒருவர்தான்.

சிடி எடுத்து, மூச்சுக்குழாய்க்குள் கேமராக் குழல் விட்டுப் பார்க்கும் பிராங்கோஸ்கோபியும் செய்தார்கள். மூச்சுக்குழாய்க்குள் கோவைப்பழம் மாதிரி செக்கச்செவேலென்று ஒரு கட்டி, கீழ் மடலுக்குப் போகும் வழியை அடைத்துக்கொண்டு நின்றது. பயாப்ஸியில் கார்சினாய்டு என்று வந்தது. மெதுவாக வளரும் வகை, முழுசாக எடுத்துவிட்டால் பெரும்பாலும் அதோடு முடிந்துவிடும் என்றார்கள். ‘கேன்சரா?’ என்று வீட்டில் கேட்டதற்கு என்ன பதில் சொல்வதென்று எனக்கே தெரியவில்லை. ‘அந்தக் குடும்பம்தான், ஆனால் சாதுவான பிள்ளை’ என்றேன்.

ஆபரேஷன் சென்னையில். ரயில் தாம்பரம் சானடோரியம் நிலையத்தைத் தாண்டும்போது பெரியப்பா ஞாபகம் வந்தது. 1928-இல் டாக்டர் சௌரி முத்து தொடங்கிய அந்தக் காசநோய் மருத்துவமனையில்தான் அவர் வாலிபத்தில் மாதக்கணக்கில் கிடந்தார். நோயுள்ள நுரையீரலை அமுக்கி ஓய்வு கொடுக்க விலா எலும்புகளையே வெட்டி எடுத்துவிடுவார்களாம். சாகும்வரை ஒரு தோள் சரிந்தே நடந்தார். மார்புக்குள் குழல் விட்டுப் பார்க்கும் வித்தையும் காசநோயோடு சேர்ந்தே வளர்ந்ததுதான் என்று பிறகு தெரிந்துகொண்டேன். 1910-இல் ஸ்வீடனில் யாக்கோபேயஸ் என்ற டாக்டர் சிறுநீர்ப்பைக்குள் பார்க்கும் குழலை மார்புக்குள் விட்டுப் பார்த்தார். காசநோயாளிகளின் நுரையீரல் மார்புச் சுவரோடு ஒட்டிக்கொண்டிருக்கும் இடங்களை அறுத்துவிட அதைப் பயன்படுத்தினார்கள். முனையில் கேமரா வைத்து ஒரு மடலையே எடுப்பது 1990-களில்தான் வந்தது.

சர்ஜன் ஒரு பேப்பரில் படம் போட்டார். “வலது பக்கம் மூணு மடல், இடது பக்கம் ரெண்டு. உள்ளே மொத்தம் 19 கூறு. உங்க கீழ் மடல்ல அஞ்சு.” மூச்சு ஊதும் சோதனையில் எனக்கு முதல் ஒரு விநாடியில் வந்த காற்று 1.9 லிட்டர். அவர் கால்குலேட்டரைத் தேடுவதற்குள் நான் சொல்லிவிட்டேன்: “கூறுக்கு 0.1, மிச்சம் 1.4.” சிரித்தார். அந்த மடல் ஏற்கெனவே அடைபட்டிருப்பதால் உண்மையில் அவ்வளவு குறையாது என்றார்.

பிறகுதான் விஷயத்துக்கு வந்தார். அக்குளுக்குக் கீழே நாலு சென்டிமீட்டரில் ஒரு திறப்பு, அதுபோக இரண்டு சின்னத் துளை. விலா எலும்பை விரிக்க மாட்டார்கள். வெட்டிய மடலை உள்ளேயே ஒரு பைக்குள் போட்டு அந்தத் திறப்பு வழியாக இழுத்துவிடுவார்கள். “ஆனா உள்ளே நடக்கிறது அதே ஆபரேஷன்தான் டீச்சர். அதே ரத்தக்குழாய், அதே மூச்சுக்குழாய். வாசல்தான் சின்னது.” நம் ஊரில் பலருக்கு, டிபி வந்ததே தெரியாமல் இருந்தாலும், நெறிக்கட்டிகள் சுண்ணாம்பு படிந்து ரத்தக்குழாயோடு ஒட்டிக்கிடக்குமாம். அப்படி இருந்தால் துளையை விட்டுவிட்டு மார்பைத் திறப்போம், கண் விழிக்கும்போது பெரிய தையல் இருந்தால் தோற்றுவிட்டோம் என்று நினைக்காதீர்கள் என்றார். மூச்சுக்குழாயை வெட்டிய ஓரத்தை அப்போதே லேபுக்கு அனுப்புவார்கள், அதில் கட்டி தெரிந்தால் நடு மடலும் சேர்ந்து போகும். இரண்டுக்கும் கையெழுத்து போட்டேன். கை நடுங்கியது இரண்டாவதற்குத்தான்.

காப்பீட்டு அனுமதி வர ஆறு நாள் ஆனது. ஸ்டேப்ளர் தோட்டாக்களுக்குத் தனியாகப் பணம் கட்டச் சொன்னார்கள். ரத்தக்குழாயை அழுத்தி, இரண்டு பக்கமும் பின் அடித்து, நடுவில் வெட்டும் கருவி அது. எனக்கு ஆறு செலவானது. துளை வழி ஆபரேஷன் மலிவு என்று யாரும் நினைக்க வேண்டாம்.

மூன்றரை மணி நேரம். எனக்குத் தெரிந்தது தொண்டை எரிச்சல் மட்டும்தான். இரண்டு நுரையீரலுக்கும் தனித்தனி வழி உள்ள தடித்த குழாயைப் போட்டு, வலது பக்கத்தைச் சுருங்கவிட்டு, இடது பக்கத்தால் மட்டும் மூச்சு விட வைத்திருந்தார்கள். விழித்ததும் கையால் தடவிப் பார்த்தேன். சின்னக் கட்டுகள்தான். நடு மடல் தப்பித்ததை சர்ஜன் மாலையில் வந்து சொன்னார்.

வலியைப் பற்றி யாரும் சரியாகச் சொல்லவில்லை. தையல் போட்ட இடம் பரவாயில்லை. கத்தியே படாத வலது தோளில்தான் உயிர் போனது. உள்ளே உதரவிதானத்துப் பக்கம் படும் தொந்தரவை நரம்பு தோளில் கொண்டுவந்து காட்டுமாம். அதைவிடப் பெரிய எதிரி அந்த டியூப். விலா இடுக்கில் செருகிய குழாய், மறுமுனை தண்ணீர் உள்ள ஒரு பாட்டிலில். காற்று வெளியே போகும், திரும்பி வராது. மூச்சு விடும்போதெல்லாம் குழாயில் தண்ணீர் ஏறி இறங்கும். இருமினால் குமிழி வரும். குமிழி வந்தால் எங்கோ கசிவு இன்னும் மூடவில்லை என்று அர்த்தம். முதல் நாள் எண்ண முடியவில்லை, மூன்றாம் நாள் ஒரு இருமலுக்கு ஏழு. பாட்டில் எப்போதும் மார்புக்குக் கீழேயே இருக்க வேண்டும். படுக்கை விரிப்பு மாற்ற வந்தவர் அதைத் தூக்கிக் கட்டிலில் வைத்துவிட்டார். சிஸ்டர் போட்ட சத்தத்தில் எனக்கு வலி மறந்துபோனது.

மறுநாள் காலையிலேயே நடக்க விட்டார்கள். ஒரு கையில் பாட்டில், மறு கையில் சிஸ்டரின் தோள். இருமும்போது தலையணையை மார்போடு இறுக்கிக்கொள்ளச் சொன்னார்கள், அது உண்மையிலேயே உதவியது. மூன்று பந்து உள்ள பிளாஸ்டிக் கருவியில் மூச்சை இழுத்துப் பந்தைத் தூக்க வேண்டும். 600, 900, 1200 என்று எழுதியிருக்கும். ஆபரேஷனுக்கு முன் மூன்றும் ஏறியது, இப்போது முதல் பந்தே ஆடிவிட்டு உட்கார்ந்தது. ஐந்தாம் நாள் குமிழி நின்றது. “மூச்சை இழுத்து அடக்குங்க” என்று சொல்லி ஒரே இழுப்பில் டியூப்பை உருவினார்கள். அன்று ராத்திரிதான் தூங்கினேன்.

சர்ஜன் சொன்ன ஒரு கணக்கு எனக்குப் பிடித்தது. பிரிட்டனில் 503 பேரை வைத்து, திறந்து செய்வதையும் துளை வழியாகச் செய்வதையும் ஒப்பிட்டு 2022-இல் முடிவு வெளியிட்டிருக்கிறார்கள். ஐந்தாவது வாரத்தில் துளை வழியாகச் செய்தவர்களின் உடல் நிலை நன்றாக இருந்தது. ஆஸ்பத்திரியில் இருந்தது நாலு நாள், மற்றவர்களுக்கு ஐந்து நாள். நல்ல வித்தியாசம்தான். ஆனால் பக்கத்து வீட்டு அக்கா நினைக்கிற அளவுக்கு இல்லை. ஐந்தாவது வாரம் என்கிறார்கள், பத்தாவது நாள் என்று யாரும் சொல்லவில்லை.

ரிப்போர்ட் வந்தது. ஓரங்களில் கட்டி இல்லை, எடுத்த ஒன்பது நெறிக்கட்டியும் சுத்தம். கீமோ வேண்டாம், அவ்வப்போது சிடி போதும். மார்புக்குக் கீழே உள்ளங்கை அகலத்துக்கு மரத்துப் போயிருக்கிறது. உள்ளாடையின் பட்டி பட்டால் எறும்பு ஊர்கிற மாதிரி இருக்கும்.

ஏழாவது வாரம் பள்ளிக்குப் போனேன். தலைமை ஆசிரியை என் வகுப்புகளைத் தரைத்தளத்துக்கு மாற்றியிருந்தார். அரையாண்டு முடிந்ததும் நானே கேட்டு இரண்டாம் மாடிக்குப் போய்விட்டேன். மொத்தம் 44 படி. 22-ஆவது படியில் ஒரு அறிவிப்புப் பலகை இருக்கிறது. தினமும் அங்கே நின்று, போன மாதத்துச் சுற்றறிக்கையை ஒரு நிமிடம் படிக்கிறேன்.