அப்பாவோட போன் லைனை நிறுத்த மூணு வாரம்

அப்பா போயி ரெண்டு மாசம் ஆச்சு. அவரோட போன் லைனை நிறுத்தணும், அவ்ளோதான் வேலை. ஹாட்லைனுக்கு அடிச்சா மெஷின் குரல், ஒண்ண அழுத்து ரெண்ட அழுத்துன்னு எங்கெங்கயோ சுத்தவிட்டு கடைசில லைன் யார் பேர்ல இருக்கோ அவரே பேசணும்ங்குது, அவர் இறந்துட்டாருன்னு சொல்றதுக்கு அதுல ஒரு நம்பர்கூட இல்ல.

ஆப்ல போனா ஓடிபி அப்பா போனுக்குத்தான் வரும். மூலை ஒடஞ்ச அந்தப் பழைய போனை அலமாரியிலேர்ந்து எடுத்து சார்ஜ் போட்டேன், ஸ்க்ரீன் எரிஞ்சதும் தேக்கா மார்க்கெட் வாசல்ல அவரும் அம்மாவும் நிக்கிற போட்டோ. அம்மா முந்தானையால அதத் தொடச்சிட்டே நின்னாங்க.

சரின்னு நேர்ல போனோம். கவுண்டர்ல இருந்த பொண்ணு தன்மையாத்தான் பேசுச்சு, ஆனா சிஸ்டம் 'ஒரிஜினல்' இறப்புச் சான்றிதழ் கேக்குதாம். சிங்கப்பூர்ல 2022 மே 29லேர்ந்து பேப்பர் சான்றிதழே குடுக்கிறதில்ல, அரசாங்கத்தோட மை லெகசி இணையதளத்துல 30 நாளைக்குள்ள டவுன்லோட் பண்ற ஃபைல்தான் ஒரிஜினல். அரசாங்கமே இவ்ளோ சுளுவாக்கி வச்சிருக்கு, இவங்க இன்னும் பேப்பர் கேக்குறாங்க! மூணு தடவ போயி மூணு பேர்கிட்ட விளக்கினேன், ஒவ்வொரு தடவையும் அம்மா அவர் இறந்த தேதிய மொதல்லேர்ந்து சொல்லணும். எனக்கு அதுதான் தாங்கல.

வீட்டுல யாராவது இறந்துட்டா அழுத்துறதுக்குன்னு ஒரு நம்பர் வைங்க, அதுல ஒரு மனுஷர் எடுக்கட்டும்.

நேத்து ஒருவழியா லைனை நிறுத்திட்டாங்க. போன் மட்டும் இன்னும் சார்ஜ்லயே இருக்கு, அம்மா எடுக்க வேணாம்னுட்டாங்க.