புல்லட் மச்சானும் கடலடி ஸ்கூட்டரும்

புல்லட் ஓட்டுகிறவர்களுக்கு வேறு எந்த வண்டியைக் காட்டினாலும் ஒரு இளக்காரச் சிரிப்பு வரும். என் மனைவியின் அண்ணனுக்கு அது மால்டாவில் வந்தது. சிர்கெவ்வாவில், கோஸோ தீவுக்கு ஃபெர்ரி கிளம்பும் துறைக்குப் பக்கத்தில், எங்கள் ஸ்கூபா சாமான்களோடு கடலடி ஸ்கூட்டர்களையும் பாறைமேல் இறக்கி வைத்திருந்தார்கள். ஒரு உருளை, அதன் பின்னால் வளையத்துக்குள் விசிறி, கைப்பிடி, அதில் ஒரு விசை. கைப்பிடியைப் பிடித்து விசையை அழுத்தினால் தண்ணீருக்குள் நம்மை இழுத்துக்கொண்டு போகும். அவ்வளவுதான் வண்டி.

"இதுக்கா மாப்ள கிளாஸு? ஹார்ன் எங்க இருக்கு கேளு."

சொல்லிக்கொடுக்க வந்த மால்டாக்கார அம்மணி அசரவில்லை. 1941 ஜூலையில் இத்தாலியர்கள் இந்த வண்டியின் முப்பாட்டன் ஒன்றையும் கொண்டுவந்துதான் இங்கே வலெட்டா துறைமுகத்தைத் தாக்கினார்கள், குண்டு பொருத்திய அந்த வாகனத்தை அவர்களே 'பன்றி' என்றுதான் கூப்பிட்டார்கள் என்று ஆரம்பித்தார்.

"ராத்திரி ரோட்டுல எத்தன பன்னிக்கு பிரேக் போட்ருக்கேன்!" என்றார் மச்சான். சிக்கலே அங்கேதான். இதில் பிரேக் கிடையாது. விசையை விட்டால் விசிறி நிற்கும், மிச்சத்தைத் தண்ணீர் பார்த்துக்கொள்ளும்.

பாடத்தில் பெரும்பகுதி ஒரு கயிற்றுக்கே போனது. ஸ்கூட்டரிலிருந்து வரும் அந்தக் கயிற்றின் கொக்கியை, கவட்டுக்கு நடுவே போகும் வாரில் உள்ள வளையத்தில் மாட்ட வேண்டும். மச்சான் என்னைப் பார்த்தார். "அங்கயா? பொம்பளப் புள்ள முன்னாடி என்ன மாப்ள இது?" வேறு வழியில்லை. இழுவை முழுவதும் இடுப்புக்குப் போனால்தான் கை ஓயாது. கையின் வேலை திசை காட்டுவது மட்டும். கயிறு நீளமாகிவிட்டால் பாரமெல்லாம் தோளில் ஏறும். குட்டையானால் விசிறி தள்ளுகிற தண்ணீர் நம் மேலேயே மோதி வேகத்தைத் தின்றுவிடும். அம்மணி முடிச்சை அவிழ்த்து இரண்டு விரற்கடை தள்ளிப் போட்டார், பிறகு மறுபடி அவிழ்த்தார். தொங்குகிற குழாய், வார், டார்ச் எல்லாவற்றையும் உடம்போடு ஒட்டிச் செருகச் சொன்னார். விசிறிக்கு எது கிடைத்தாலும் சுற்றிக்கொள்ளும்.

உள்ளே போனதும் மச்சான் பட்டத்துக்குப் பின்னால் ஆடும் வால் மாதிரி போனார். ரோட்டில் மேடு பள்ளத்தை ரோடே பார்த்துக்கொள்ளும். கடலில் மூக்கை லேசாகத் தூக்கினாலே வண்டி மேலே ஏறிவிடுகிறது. நம் காலால் நீந்தி ஏற நேரம் பிடிக்கும் உயரத்தை அது கண்மூடித் திறப்பதற்குள் ஏற்றிவிடும். ஏறும்போது நுரையீரலில் உள்ள காற்று விரியும், அதனால் மூச்சைப் பிடிக்கவே கூடாது. இறங்கினாலோ காது அடைக்கும். மச்சானின் கையில் கடிகாரம் மாதிரி கட்டியிருந்த, ஆழத்தைக் கணக்குப் பார்க்கும் கம்ப்யூட்டர் 'வேகமாக ஏறுகிறாய்' என்று கத்த, அம்மணி அவர் காலில் மாட்டியிருந்த துடுப்பைப் பிடித்து இழுத்தார். அப்புறம் மீட்டரைப் பார்த்தபடி ஒரே ஆழத்தில் நேராகப் போகும் பயிற்சிதான், மறுபடி மறுபடி.

சுமார் 18 மீட்டர் ஆழத்தில் பாறைப் பொந்துக்குள் ஒரு மாதா சிலை இருக்கிறது. நாங்கள் திரும்பியதும் நேரே அதன்மேல் பாய்கிற மாதிரி போனார் மச்சான். எனக்கு அடிவயிறு கலங்கியது. சிலையைப் பார்த்த மாத்திரத்தில் மனுஷன் இரண்டு கையையும் எடுத்துக் கும்பிட்டுவிட்டார்! விசையிலிருந்து விரல் போனது, விசிறி நின்றது, ஸ்கூட்டர் கயிற்றில் சாதுவாகத் தொங்கியது. அன்றைய தினத்திலேயே சரியான நிறுத்தம் அதுதான் என்று அம்மணி விரல்களால் வட்டம் போட்டுக் காட்டினார்.

விசை சிக்கி நிற்காமல் ஓடினால் மின்சாரத்தைத் துண்டிக்க வேண்டும், அதுவும் முடியாவிட்டால் கொக்கியைக் கழற்றி வண்டியைப் போகவிட வேண்டும் என்று கரையிலேயே சொல்லியிருந்தார்கள். மச்சான் அதை ஏற்கவே இல்லை. "போகவிட்டா அட்வான்ஸ திருப்பித் தருவாங்களா?" சிலிண்டரில் உள்ள காற்றில் மூன்றில் ஒரு பங்கு தீர்ந்ததும் திரும்பிவிட வேண்டும் என்பதும் அவருக்கு உறுத்தியது. பாட்டரி செத்தால் அவ்வளவு தூரத்தையும் காலால் உதைத்துத்தான் வரவேண்டும் என்றதும் அடங்கினார். ரிசர்வில் ஓட்டி ஓட்டிப் பழகியவர்.

கடைசிப் பயிற்சி, வண்டி செத்த கூட்டாளியை இழுத்து வருவது. செத்த வண்டி மச்சானுடையது என்று அம்மணி முடிவு செய்தார். அவர் என் வாரைப் பிடித்துக்கொள்ள, நான் ஓட்ட வேண்டும். என் கல்யாணம் ஆனதிலிருந்து எந்த வண்டியிலும் அவர் பின்னால் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. வழி நெடுக தோளைத் தட்டி இடப்பக்கம், வலப்பக்கம் என்று கை காட்டினார். ஒரு மீன் கூட்டம் குறுக்கே வந்ததற்கு நான் ஒதுங்கவில்லை என்று தலையில் ஒன்று போட்டார்.

கரையேறியதும் விலை விசாரித்தார். விலையை விடுங்கள், பயணிகள் விமானத்தில் 160 வாட்-ஹவர் கொள்ளளவைத் தாண்டிய லித்தியம் பாட்டரியை ஏற்ற மாட்டார்கள், இதில் இருப்பது அதைவிடப் பலமடங்கு என்றேன்.

"அப்ப பாட்டரிய கழட்டிட்டு வண்டிய மட்டும் வாங்கிடு மாப்ள. ஊர்ல நம்ம இன்வெர்ட்டர் பாட்டரிய மாட்டிக்கலாம்."