ஏலக்காய் ஸ்டோருக்கு ஆப் செய்தபோது எங்கே ஓடினேன், எங்கே நின்றேன்

கம்பத்திலிருந்து மலையேறினால் கம்பம்மெட்டு, தாண்டினால் இடுக்கி மாவட்டம். அங்கே என் மாமா ஏலக்காய் ஸ்டோர் நடத்துகிறார். சுற்றியுள்ள சிறு விவசாயிகள் கொண்டுவரும் பச்சைக்காயை உலர்த்தித் திருப்பித் தர வேண்டும். சுமார் 5 கிலோ பச்சைக்காய்க்கு 1 கிலோ உலர்ந்த காய் நிற்கும். எடையில் கொஞ்சம் பிசகினாலும் மனஸ்தாபம்தான். நோட்டுக்குப் பதிலாக ஒரு ஆப் செய்து தரச் சொன்னார்.

இரண்டு மாதம் தயாரிப்பிலேயே போனது. திரைகளை வரைந்தேன், டேட்டாபேஸை மூன்று முறை மாற்றினேன். ஓடிபி லாகின், மாத அறிக்கை என்று திட்டம் நீண்டுகொண்டே இருந்தது. ஆகஸ்டில் மாமா போன் செய்தார்.

"மாப்ள, காய் எடுப்பு ஆரம்பிச்சிருச்சு. இன்னும் படம் வரைஞ்சுக்கிட்டா இருக்க? இருக்கிறதைக் கொண்டா."

சரி என்று பெயர், எடை, தேதி மட்டும் உள்ள ஒன்றை அவர் போனில் ஏற்றிவிட்டு, ஒரு நாள் முழுக்க தராசுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்தேன். ஸ்டோருக்குள் டவர் இல்லை, ஓடிபி வரவே வராது. விவசாயியை போன் நம்பரை வைத்து அடையாளம் காணலாம் என்று நினைத்திருந்தேன். எல்லையில் ஒரே ஆளிடம் கேரளா சிம் ஒன்று, தமிழ்நாடு சிம் ஒன்று. போன தடவை எதைக் கொடுத்தோம் என்று அவருக்கே நினைவில்லை. மாமாவோ சாக்கில் கட்டும் அட்டை எண்ணை வைத்துத்தான் இத்தனை வருஷம் ஓட்டியிருக்கிறார். அன்றிரவே ஆப்பையும் அட்டை எண்ணுக்கு மாற்றினேன்.

அந்த வேகமே அடுத்த வாரம் காலை வாரிவிட்டது. பதிவுகள் போனிலேயே சேர்ந்து, கம்பம் இறங்கியதும் சர்வருக்குப் போகும்படி செய்திருந்தேன். கூட்டம் கூடியதால் இரண்டாவது போனிலும் எடை போட்டார்கள். இரண்டு போனும் இரண்டு பேருக்கு 41 என்ற ஒரே எண்ணைக் கொடுத்தன. சர்வரில் பின்னால் வந்த பதிவு முன்னதை அழித்துவிட்டது. ஒருவருடைய காய்க்குக் கணக்கே இல்லை. நல்லவேளை, மாமா நோட்டையும் விடாமல் எழுதி வந்தார்.

பட்டனைத் தப்பான இடத்தில் வைத்தால் நாளைக்கு மாற்றலாம். தொலைந்த எடையை எங்கே போய்த் தேடுவது? அங்கே ஒரு வாரம் நின்றேன். ஒரு போனின் எண்கள் அ-வில், இன்னொன்று ஆ-வில் தொடங்கும்படி மாற்றினேன். எந்தப் பதிவும் அழியாது, திருத்தம் என்றால் கீழே புதிய வரியாகச் சேரும். பதிவு ஏறும்போதே போனை அணைத்தும், நெட்டை வெட்டியும் திரும்பத் திரும்பப் பார்த்த பிறகே மலைக்குக் கொண்டுபோனேன்.

பிளே ஸ்டோர் விஷயத்தில் மட்டும் முந்திக்கொண்டேன். 2023 நவம்பர் 13க்குப் பின் தொடங்கிய தனிநபர் டெவலப்பர் கணக்கு என்றால், குறைந்தது 12 பேர் தொடர்ந்து 14 நாள் மூடிய சோதனையில் (நாம் சேர்த்தவர்கள் மட்டும் ஆப்பைப் போட்டுப் பார்ப்பது) இருந்தால்தான் பொதுவில் வெளியிட விண்ணப்பிக்கலாம். ஆப் முழுமையாகட்டும் என்று காத்திராமல், ஸ்டோருக்கு வரும் விவசாயிகளைச் சேர்த்து அதை உடனே தொடங்கினேன். அந்த 14 நாளில் அவர்கள் சொன்னதுதான், பச்சைக்காய்க்குத் தரும் எடைச் சீட்டிலேயே உலர்ந்த எடையையும் காட்டும் வசதி.

இப்போது சீட்டு மலையாளத்திலும் வேண்டுமாம். எங்கள் சின்ன பிரின்டரில் அந்த எழுத்துரு இல்லை, சீட்டையே படமாக்கி அனுப்ப வேண்டும். நாளைக் காலை ஜீப்பில் பிரின்டரோடு மேலே போகிறேன்.