பிரிட்டனில் மார்க்கெட்டிங் படிப்பு: ‘வித் பிளேஸ்மென்ட்’ என்றால் என்ன கிடைக்கும், என்ன கிடைக்காது

நம்மூர்க் கல்லூரியில் ‘பிளேஸ்மென்ட் ஆயிடுச்சா?’ என்று கேட்டால், வேலை கிடைத்துவிட்டதா என்று அர்த்தம். கம்பெனி வளாகத்துக்கு வரும், தேர்வு வைக்கும், ஆஃபர் லெட்டர் தரும். பிரிட்டனில் அதே சொல்லுக்குப் பொருள் வேறு. படிப்பின் ஒரு பகுதியாக ஒரு நிறுவனத்தில் சில மாதங்களோ ஓராண்டோ முழுநேரம் வேலை பார்ப்பதுதான் அங்கே பிளேஸ்மென்ட். இளங்கலையில் பெரும்பாலும் மூன்றாம் ஆண்டில் வரும். முதுகலையில் வகுப்புகள் முடிந்த பிறகு. அந்த வேலையைத் தேட வேண்டியது மாணவர். பல்கலைக்கழகம் சிவியைத் திருத்தித் தரும், மாதிரி நேர்காணல் வைக்கும், விளம்பரங்களை அனுப்பும். அதோடு சரி. ‘எம்எஸ்சி மார்க்கெட்டிங் வித் பிளேஸ்மென்ட்’ என்று அட்மிஷன் கடிதத்தில் அச்சாகியிருப்பது ஓர் அனுமதி, அவ்வளவே.

ஆகவே பணம் கட்டும் முன்பே பல்கலைக்கழகத்திடம் மின்னஞ்சலில் கேட்டு எழுத்தில் பதில் வாங்க வேண்டியவை சில. வேலை கிடைக்காதவர்களை என்ன செய்வீர்கள்? எந்தத் தேதிக்குள் கிடைக்க வேண்டும்? குறைந்தபட்சம் எத்தனை வாரம்? பிளேஸ்மென்டுக்குப் போக முதல் செமஸ்டரில் இத்தனை மதிப்பெண் என்று வரம்பு உண்டா? அந்த ஆண்டுக்குக் கட்டணம் எவ்வளவு? எல்லாவற்றையும் விட முக்கியமானது: போன ஆண்டு சேர்ந்த வெளிநாட்டு மாணவர்களில் எத்தனை பேர் உண்மையில் பிளேஸ்மென்டுக்குப் போனார்கள்? இந்தக் கடைசிக் கேள்விக்கு நேரான பதில் வராத இடத்தைப் பட்டியலில் கீழே தள்ளிவிடலாம்.

வேலை கிடைக்காவிட்டால் வழக்கமாக நடப்பது இதுதான்: மாணவரை ஓராண்டுப் படிப்புக்கு மாற்றிவிடுவார்கள், உள்துறை அமைச்சகத்துக்கு அறிக்கை போகும், விசாக் காலம் குறைக்கப்படும். பட்டம் கிடைக்கும். ஆனால் கூடுதல் காலத்துக்கும் சேர்த்து ஆண்டுக்கு 776 பவுண்டு கணக்கில் கட்டிய ஹெல்த் சர்சார்ஜ் (விசாவுக்காக முன்கூட்டியே கட்டும் அரசு மருத்துவச் சேவைக் கட்டணம்) பொதுவாகத் திரும்ப வராது.

இனி காலண்டர். பெரும்பாலானோர் கோட்டைவிடுவது இங்கேதான். யூனிலீவர், லோரியல் போன்ற பெரிய நுகர்பொருள் நிறுவனங்களின் 12 மாத மார்க்கெட்டிங் இடங்களுக்கு, அடுத்த கோடையில் தொடங்கும் வேலைக்கு, முந்தைய இலையுதிர் காலத்திலேயே விண்ணப்பம் திறக்கும். செப்டம்பர் கடைசியில் போய் இறங்கும் மாணவர் வீடு பிடித்து, வங்கிக் கணக்குத் திறந்து, முதல் அசைன்மென்டை முடித்து நிமிர்வதற்குள் நவம்பர் போய்விடும். பல இடங்கள் அறிவித்த கடைசித் தேதிக்கு முன்பே நிரம்பி மூடப்படும். விண்ணப்பப் படிவம், ஆன்லைன் தேர்வு, பதிவு செய்து அனுப்பும் வீடியோ நேர்காணல், அசெஸ்மென்ட் சென்டர் (குழுப் பயிற்சியும் நேர்காணலும் சேர்ந்த தேர்வு) என்று நான்கு கட்டங்கள் வரை போகும். சிவி ஊரிலிருந்து கிளம்பும் முன்பே தயாராக இருக்க வேண்டும். இன்னொன்று: பெரிய நிறுவனத் திட்டங்களில் பல, இளங்கலை மாணவர்களுக்கு மட்டும். தகுதி வரியைப் படிக்காமல் 40 இடத்துக்கு அனுப்புவது வீண்.

முதுகலை மாணவருக்கு உண்மையான வாய்ப்பு நடுத்தர, சிறு நிறுவனங்களில்தான் அதிகம். அவை பிப்ரவரிக்குப் பிறகே ஆள் தேடத் தொடங்கும். அங்கே தடையாக நிற்பது ஒரு பயம்: ‘வெளிநாட்டு மாணவரா? ஸ்பான்சர் லைசென்ஸ் எங்களிடம் இல்லையே.’ வெளிநாட்டவரை வேலைக்கு எடுக்க அரசு தரும் அந்த உரிமம் பிளேஸ்மென்டுக்குத் தேவையே இல்லை. விசாவுக்குப் பொறுப்பேற்கும் ஸ்பான்சர் பல்கலைக்கழகம்தான். கவர் லெட்டரின் முதல் பத்தியிலேயே இதை எழுதிவிடுங்கள்: இந்தப் பணிக்காலம் என் படிப்பில் மதிப்பிடப்படும் பகுதி, மாணவர் விசாவிலேயே முழுநேரம் வேலை செய்யலாம், உங்களுக்கு விசாச் செலவு கிடையாது. நூறு தகுதிகளை அடுக்குவதை விட இந்த ஒரு வாக்கியம் கதவைத் திறக்கும்.

சிவி இரண்டு பக்கம். புகைப்படம், பிறந்த தேதி, அப்பா பெயர், திருமண நிலை எதுவும் வேண்டாம். ‘சோஷியல் மீடியாவைக் கையாண்டேன்’ என்ற வரியை யாரும் படிப்பதில்லை; எண் வேண்டும். அந்த எண்ணை விளக்கவும் தெரிய வேண்டும். ஒரு கணக்கு பாருங்கள். 300 பவுண்டு விளம்பரச் செலவில் 600 கிளிக். ஒரு கிளிக் 50 பென்ஸ். அதில் 18 ஆர்டர், அதாவது 3 சதவீதம். ஓர் ஆர்டரைப் பிடிக்க ஆன செலவு 16.67 பவுண்டு. சராசரி ஆர்டர் 40 பவுண்டு என்றால் விற்பனை 720. போட்ட பணத்துக்கு 2.4 மடங்கு. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் பொருளின் மொத்த லாப விகிதம் (விலையில் பொருளின் அடக்கச் செலவு போக மிஞ்சுவது) 40 சதவீதம் என்றால் ஓர் ஆர்டரில் மிஞ்சுவது 16 பவுண்டுதான். ஒவ்வொரு ஆர்டருக்கும் பணம் கையைவிட்டுப் போகிறது. 50 சதவீதம் என்றால் 20 பவுண்டு, மயிரிழையில் லாபம். 2.4 மடங்கோடு நிறுத்துபவரையும் லாப விகிதம் என்ன என்று திருப்பிக் கேட்பவரையும் நேர்காணல் எடுப்பவர் ஐந்து நிமிடத்தில் பிரித்துவிடுவார்.

அனுபவமே இல்லாதவர் இந்த எண்களுக்கு எங்கே போவது? கூகுள் தன் மெர்ச்சண்டைஸ் ஸ்டோர் என்ற ஆன்லைன் கடையின் ஜிஏ4 (கூகுள் அனலிட்டிக்ஸ் 4, தளத்துக்கு வருபவர்களை அளக்கும் கருவி) கணக்கை டெமோவாக யாருக்கும் திறந்துவைத்திருக்கிறது; அதை வைத்து இரண்டு பக்க அறிக்கை எழுதலாம். இன்னும் நல்ல வழி தொண்டு நிறுவனம். கூகுள் ஆட் கிரான்ட்ஸ் திட்டத்தில் தகுதியுள்ள தொண்டு நிறுவனங்களுக்கு மாதம் 10,000 டாலர் வரை தேடல் விளம்பரம் இலவசம். கணக்கைப் பார்த்துக்கொள்ள ஆளில்லாமல் அது பாதி செலவாகாமல் கிடக்கும் இடங்கள் உண்டு. மாதக் கிளிக் விகிதம் (விளம்பரம் காட்டப்பட்டதில் எத்தனை முறை கிளிக் ஆனது என்பது) 5 சதவீதத்துக்குக் கீழே தொடர்ந்து இருந்தால் கணக்கு முடக்கப்படலாம் என்பதால், சரியான சொற்களைத் தேர்ந்தெடுக்கவும் தேவையற்றதை நீக்கவும் தானாகவே கற்றுக்கொள்வீர்கள். கூகுளும், மார்க்கெட்டிங் மென்பொருள் நிறுவனமான ஹப்ஸ்பாட்டும் இலவசமாகத் தரும் சான்றிதழ்கள் கையில் இருக்கட்டும். அவற்றை மட்டும் நம்பினால், அதே சான்றிதழோடு வரிசையில் நிற்கும் எல்லோரில் ஒருவர்.

மார்க்கெட்டிங் மாணவரை எளிதில் கவிழ்க்கும் விதி ஒன்று உண்டு. மாணவர் விசாவில் சுயதொழில் கூடாது. நண்பரின் உணவகத்துக்கு இன்ஸ்டாகிராம் பார்த்துக்கொண்டு இன்வாய்ஸ் போடுவது, ஃபிரீலான்ஸ் தளத்தில் லோகோ விற்பது, யூடியூப் சேனலில் விளம்பர வருமானம் வாங்குவது எல்லாம் அதற்குள் வரும். வாடிக்கையாளர் இந்தியாவில் இருந்தாலும் விதி மாறாது. அதை சிவியில் பெருமையாக எழுதினால், தப்புக்கு நீங்களே சாட்சி சொன்னது போல.

மணிக்கணக்கும் அப்படியே. பட்டப்படிப்பு மாணவருக்குப் பாடக் காலத்தில் வாரம் 20 மணி நேரம்தான் வேலை. வாரம் என்பது திங்கள் முதல் ஞாயிறு வரை. சம்பளமில்லாத வேலையும் கணக்கில் சேரும். முதுகலை மாணவருக்குக் கோடை விடுமுறை என்று ஒன்று பெரும்பாலும் கிடையாது. டிசர்டேஷன் (ஆய்வேடு) எழுதும் ஜூன், ஜூலை, ஆகஸ்ட் பாடக் காலமே. பிளேஸ்மென்டில் இந்த வரம்பு இல்லைதான். ஆனால் பல்கலைக்கழகம் ஒப்புதல் தந்த பிறகே. நிறுவனம் ‘திங்கட்கிழமையே வா’ என்று அழைத்தாலும், படிவமும் ஒப்புதலும் முடியும் வரை போகாதீர்கள்.

சம்பளம் பற்றியும் தெரிந்திருக்க வேண்டும். பிரிட்டனில் நடக்கும் உயர்கல்விப் படிப்பின் பகுதியான, ஓராண்டுக்கு மிகாத பிளேஸ்மென்டுக்கு தேசியக் குறைந்தபட்ச ஊதியம் கட்டாயமில்லை. சம்பளமின்றி வைத்துக்கொள்வதும் சட்டப்படி சரியே. எனவே தொகையைக் கேட்டு எழுத்தில் வாங்குங்கள். ஆண்டுக்கு 22,000 பவுண்டு என்றால், வரியில்லாத 12,570 போக மீதி 9,430க்கு 20 சதவீத வரியும் 8 சதவீத நேஷனல் இன்சூரன்ஸும் (சமூகப் பாதுகாப்புப் பிடித்தம்). கையில் மாதம் 1,600 பவுண்டு சொச்சம். பழைய பகுதிநேர வேலையை விடாமல் சேர்ந்தால் இரண்டாவது வேலைக்கு முதல் பவுண்டிலிருந்தே 20 சதவீதம் பிடிப்பார்கள். சேரும்போது தரும் ஸ்டார்ட்டர் செக்லிஸ்ட் என்ற வரிப் படிவத்தைக் கவனமாக நிரப்புங்கள்.

பட்டத்துக்குப் பிறகு, அங்கேயே தங்கி வேலை தேடவும் பார்க்கவும் கிராஜுவேட் விசா. 2027 ஜனவரி 1 முதல் விண்ணப்பிப்பவர்களுக்கு அது இரண்டு ஆண்டிலிருந்து 18 மாதமாகக் குறைகிறது (முனைவர் பட்டத்துக்கு மட்டும் மூன்று ஆண்டு). பிரிட்டனுக்குள் இருந்துதான் விண்ணப்பிக்க முடியும். அதன் பிறகு, நிறுவனம் ஸ்பான்சர் செய்யும் ஸ்கில்டு ஒர்க்கர் விசாவுக்கு, 2025 ஜூலை 22 முதல் பொதுச் சம்பள வரம்பு ஆண்டுக்கு 41,700 பவுண்டு. புதிதாக நுழைபவருக்கு 33,400, அல்லது அந்தத் தொழிலுக்கு அரசு வகுத்த சம்பள விகிதத்தின் 70 சதவீதம், எது அதிகமோ அது. இந்தச் சலுகை நான்கு ஆண்டுக்குத்தான், கிராஜுவேட் விசாவில் கழித்த காலமும் அதில் கழியும். வேலையும் பொதுவாகப் பட்டதாரி நிலையில் இருக்க வேண்டும். ‘மார்க்கெட்டிங் அசிஸ்டன்ட்’ என்ற பெயரில் வரும் பல வேலைகள் சம்பளத்திலேயே விழுந்துவிடும். பிளேஸ்மென்டின் மதிப்பு இங்கேதான்: ஓராண்டு அனுபவம் சேர்கிறது, கிராஜுவேட் விசாவின் கடிகாரம் இன்னும் ஓடத் தொடங்கவில்லை. ஸ்பான்சர் லைசென்ஸ் உள்ள நிறுவனங்களின் பட்டியலை அரசே இணையத்தில் வெளியிடுகிறது. எந்த இடம் என்று தேர்வு செய்யும் வசதி இருந்தால், அதில் பெயருள்ள இடத்துக்கு முதலிடம் கொடுங்கள்.

பிளேஸ்மென்டின் கடைசி இரண்டு மாதத்தில் செய்ய வேண்டியது: மேலாளரிடம் நேரடியாக, பட்டம் முடிந்ததும் திரும்பி வர வாய்ப்பிருக்கிறதா என்று கேட்பது. கூடவே, நீங்கள் நடத்திய ஒவ்வொரு கேம்பெயினின் செலவு, விளைவு, காலம் ஆகியவற்றை, ரகசியம் எது, வெளியே சொல்லலாம் எது என்று மேலாளரிடம் கேட்டுக் குறித்துவைப்பது. லேப்டாப்பைத் திருப்பிக் கொடுத்த மறுநாள் அந்த டாஷ்போர்டுக்குள் நுழைய முடியாது.